ஓமத்தூள்: எதற்கு, எவ்வளவு, எப்போது கூடாது

மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் திண்டிவனம், மயிலம், செஞ்சி பக்கத்துக் கிராமங்களில் பொழுது சாய்ந்தால் அடுப்பில் ஒரு குண்டான் ஏறிவிடும். மண் போக அலசிய பச்சை மல்லாட்டையைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்து, வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே உரித்துத் தின்பார்கள். எவ்வளவு தின்றோம் என்ற கணக்கு யாரிடமும் இருக்காது. ராத்திரி படுத்த பிறகு வயிறு பொருமும், விலாவோரம் பிடிக்கும், ஒரு ஏப்பம் வந்தால் தேவலை என்றிருக்கும். அப்போது வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது ஓமத்தைத்தான்.

ஓமம் நல்ல மருந்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சில மணி நேரத்து வேதனைக்குத்தான் அது மருந்து. மாதக்கணக்கில் தின்று உள்ளே இருக்கும் நோயை மூடி மறைப்பதற்கு ஏற்றதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் சாப்பாடும் வாயுவும்

விழுப்புரம் மாவட்டம் நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் பேர்போன மண். டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு வரும் நிலக்கடலை ரகங்களும் எள் ரகங்களும் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. விளைவதைத்தானே தின்போம்? வேர்க்கடலைச் சட்னி, உளுந்துக்களி, மெதுவடை, எள்ளுருண்டை, தை மாதத்தில் பனங்கிழங்கு என்று ருசியும் பலமும் உள்ள சாப்பாடு நமக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் எல்லாமே வயிற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும் சாப்பாடு.

கடலையிலும் பருப்பு வகைகளிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதனின் சிறுகுடலில் சுரப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் அந்தச் சர்க்கரையை அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன; ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. பொருமலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்தச் சர்க்கரையை ஓமம் உடைப்பதில்லை. உப்பிய குடலின் இறுக்கத்தைத் தளர்த்தி, வாயு கீழோ மேலோ வெளியேற வழி விடுகிறது. சர்க்கரையைக் குறைக்க வேண்டுமானால் உளுந்தையும் கொண்டைக்கடலையையும் நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மாவு புளிக்கும்போதும் அந்தச் சர்க்கரை குறைகிறது. அதனால்தான் இட்லி செய்யாத தொல்லையை வடை செய்கிறது. அடிக்கடி பொருமல் வருகிறவர்கள் ஓமத்தைத் தேடுவதற்கு முன்னால் சமையலறையில் இதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

நூல்கள் சொல்வது

ஆயுர்வேதத்தில் ஓமத்துக்கு யவானி என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய பாவப்பிரகாசம் அதன் குணங்களை வரிசையாகச் சொல்கிறது. கார்ப்பும் கசப்பும் உள்ளது, சூடானது, இலேசானது, பசித்தீயை மூட்டுவது, உண்டதைச் செரிக்க வைப்பது, வாய்க்கு ருசி தருவது. வாதமும் கபமும் மிஞ்சிய வயிற்று உப்புசம், குத்துவலி, குன்மம், பூச்சி ஆகியவற்றைப் போக்குவது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இது பித்தத்தைக் கூட்டும் என்றும் அந்த நூல் சொல்கிறது. ஓமத்தைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் கடைசிச் செய்தியை விட்டுவிடுகிறார்கள்.

பித்தம் கூடுவது என்பதை இன்றைய பேச்சில் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். எலிகளின் இரைப்பைக்குள் மசாலாப் பொருட்களின் சாற்றைச் செலுத்திப் பார்த்த சோதனையில் மிளகு, சீரகம், மல்லியோடு ஓமமும் அமிலச் சுரப்பைக் கூட்டியது. சாப்பாடு அப்படியே கல்லாக நிற்கிறது என்கிறவருக்கு இது உதவி. வெறும் வயிற்றில் எரிகிறது என்கிறவருக்கு உபத்திரவம். ஓமம் யாருக்கு, யாருக்கு இல்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

ஓமத்தின் வாசனைக்குக் காரணம் அதன் எண்ணெய். விதையின் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். அதில் கிட்டத்தட்ட பாதி தைமால் என்ற பொருள். கற்பூரவல்லி இலையைக் கசக்கினாலும் ஓம வாசனை அடிப்பது இதனாலும் இதற்கு நெருங்கிய கார்வக்ரால் என்ற பொருளாலும்தான். செடி வேறு, குடும்பமும் வேறு. ஓமச் சாறு குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துவது ஆய்வகத்தில் முயல், எலி போன்றவற்றின் குடலில் பார்க்கப்பட்டிருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் எலிச் சோதனைகளில், இஞ்சி, சீரகம், பெருங்காயம் போலவே ஓமமும் உணவு குடலைக் கடக்கும் நேரத்தைக் குறைத்தது. மனிதர்களை வைத்துப் பெரிய அளவில் செய்த சோதனைகள் குறைவு. எனவே ஓமத்துக்கு நாம் சொல்லும் ஆதாரம் நெடுங்காலப் பழக்கமும் இப்படிப்பட்ட ஆய்வகச் சோதனைகளும்தான். ஒரு கைவைத்தியத்துக்கு இது போதும். குடல் நோய்க்கு இதையே நம்பிக் கிடக்க இது போதாது.

வாங்குவது

ஓமம் நம் பக்கத்தில் பயிராவதில்லை. ராஜஸ்தான், குஜராத், ஆந்திராவில் கர்னூல் பக்கமிருந்து மூட்டையாக வருகிறது. மளிகைக்கடையிலும் கிடைக்கும், நாட்டு மருந்துக்கடையிலும் கிடைக்கும். திண்டிவனம் கடைவீதியில் நாட்டு மருந்துக்கடைப் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, ஓமம் நூறு கிராம் குடுங்க."

"சமையலுக்கா, மருந்துக்காம்மா?"

"வயித்துக்குத்தாண்ணே. தூளாவே இருக்கா?"

"இருக்கு. ஆனா வெதையா எடுத்துட்டுப் போயி நீயே வறுத்து இடிச்சுக்கம்மா. அப்பத்தான் வாசனை நிக்கும்."

கடைக்காரர் சொல்வது சரி. ஓமத்தின் சக்தி முழுவதும் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. தூளாக்கிய நாளிலிருந்து அது பறந்துகொண்டே இருக்கும். என்றைக்கோ அரைத்து பாக்கெட்டில் அடைத்த தூளில் காரம் இருக்கும், மணம் இருக்காது. விதையாக வாங்குங்கள், அதிலும் நூறு கிராமுக்கு மேல் வேண்டாம்.

கடையிலேயே ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். நல்ல ஓமம் மூக்கில் ஏறும். நாக்கில் வைத்தால் முதலில் கார்த்து, பிறகு இலேசாக மரத்துப்போகும். வெயிலில் வைத்துப் பார்த்தால் விதை முட்டை வடிவில், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், மேலே ஐந்து கோடுகளோடு சொரசொரப்பாக இருக்கும். சிலவற்றில் மெல்லிய காம்பும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதைச் சொல்ல ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் ஓமம் என்ற பெயரோடு வேறு இரண்டு சரக்குகளும் உண்டு. ஒன்று அசமதாகம், அசமதா ஓமம் என்றும் சொல்வார்கள். இதுவும் சீரகக் குடும்பத்தைச் சேர்ந்தது, செரிமானத்துக்கும் ஆகும். மாறிப்போனாலும் பெரிய ஆபத்து இல்லை. இன்னொன்று குரோசாணி ஓமம். இது நச்சுச் செடியின் விதை. கத்தரிக்காய், ஊமத்தை இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. விதை சிறுநீரக வடிவில், மேலே நுண்ணிய குழிகளோடு இருக்கும்; தேய்த்தால் ஓம வாசனை வராது. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் சுத்தி செய்து, மிகக் குறைந்த அளவில் தரும் சரக்கு அது. வீட்டில் கரண்டியால் அள்ளித் தின்றால் வாய் உலரும், கண் மங்கும், நெஞ்சு படபடக்கும், ஆள் உளற ஆரம்பிப்பார். ஓமம் கேட்டு வாசனை இல்லாத விதையைக் கொடுத்தால், அது பழைய சரக்கோ வேறு சரக்கோ, எதுவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓம உப்பு என்று கண்ணாடிச் சீசாவில் படிகமாக விற்பார்கள். அது பிரித்தெடுத்த தைமால். சளிக்கு ஆவி பிடிக்கவும் வெளிப்பூச்சுத் தைலங்களுக்கும் பயன்படும். ஓமத்தூள் தீர்ந்துவிட்டது என்று இதைக் கரைத்துக் குடிக்கவே கூடாது.

தூளாகத்தான் வேண்டும் என்கிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது உணவுப் பொருள். மருந்து தயாரிப்பு உரிம எண் இருந்தால்தான் மருந்து. உணவுப் பாக்கெட்டில் நோய் தீரும் என்று அச்சடித்திருந்தால் அதை வாங்காதீர்கள்.

வறுத்து இடிப்பது

ஓமத்தில் மண் இருக்கும். முறத்தில் புடைத்து, காம்பையும் கல்லையும் நீக்குங்கள். கழுவினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் துணியில் பரப்பி நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். சித்த மருத்துவர்கள் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்து உலர்த்திச் சுத்தி செய்வார்கள். வீட்டு உபயோகத்துக்கு அது தேவையில்லை.

இரும்புக் கடாயைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, ஐம்பது கிராம் ஓமத்தைப் போட்டுக் கைவிடாமல் கிளறுங்கள். ஓரிரு நிமிடத்தில் விதை இலேசாகப் பொரியும் சத்தம் வரும், வாசனை கூடம் வரை போகும். அந்த நேரத்திலேயே இறக்கிவிட வேண்டும். நிறம் கறுக்கும் வரை வறுப்பவர்கள் மருந்தை அடுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். சூட்டுக் கடாயிலேயே விட்டாலும் கருகும், உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள். முழுக்க ஆறிய பிறகு உரலில் இடிக்கலாம், மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டலாம். ஒரே ஓட்டாக ஓட்டினால் ஜார் சூடேறி மணம் போகும். வெள்ளைத் துணியில் சலித்தால் பெரியவர்களுக்குத் தொண்டையில் உறுத்தாது.

ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் போட்டு இறுக மூடி, அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். சூரணத்துக்கு மூன்று மாத ஆயுள் என்பது சித்த மருத்துவத்தின் பழைய கணக்கு. என்னைக் கேட்டால் ஓமத்தூளை ஒரு மாதத்தோடு முடித்துவிடுவது நல்லது. இடித்த தேதியை ஒரு சீட்டில் எழுதிச் சீசாவில் ஒட்டுங்கள்.

எவ்வளவு, எப்படி

தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஓமத்தூள் ஏறத்தாழ 2 கிராம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு அரை டீஸ்பூன் போதும்; ஒரு நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். ஆயுர்வேத நூல்கள் ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் வரை சொல்கின்றன. அது மருத்துவர் ஆளைப் பார்த்து, நாடி பார்த்துத் தரும் அளவு. நாமாகச் சாப்பிடும்போது கீழ் அளவுக்கும் குறைவாக நிற்பதே சரி.

சாப்பிட்ட பிறகு வயிறு உப்பி, வாயு அடைத்துக்கொண்டு நின்றால் அரை டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் தூளும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கி, ஒரே மடக்காக விழுங்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஏப்பமோ கீழ்வாயுவோ பிரிந்து வயிறு இலேசாகும். நூல்களில் இந்துப்பு என்றிருக்கும். கிடைத்தால் போடலாம். மரக்காணம் உப்பளத்து உப்பைப் போட்டாலும் பொருமலுக்கு ஒன்றும் குறையாது. இரண்டிலும் சோடியம் இருக்கிறது. இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பே இல்லாமல் குடியுங்கள்.

தூள் கைவசம் இல்லை, பஸ்ஸில் போகிறோம் என்றால் கால் டீஸ்பூன் விதையை உப்போடு மென்று, தண்ணீர் குடித்தால் போதும். விக்கிரவாண்டி பக்கம் சாலையோர ஹோட்டலில் நடுராத்திரி பரோட்டா தின்றுவிட்டு, சென்னை போய்ச் சேரும் வரை நெளிகிறவர்கள் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பரோட்டாவைத் தவிர்ப்பது அதைவிட நல்லது.

கத்திரி வெயிலில் நான் பெரிதும் சிபாரிசு செய்வது மோர்தான். ஓமம் சூடு, நம் ஊர் சித்திரை வைகாசி அதைவிடச் சூடு. கடைந்து வெண்ணெய் எடுத்த நீர்மோர் ஒரு டம்ளர், கால் டீஸ்பூன் ஓமத்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. மதியச் சாப்பாட்டின் முடிவில் குடித்தால் உளுந்தும் பருப்பும் தொந்தரவு செய்யாது. வெந்நீரில் எடுத்தால் நெஞ்செரிகிறது என்கிறவர்களில் சிலருக்கு மோரில் எடுத்தால் ஒத்துக்கொள்ளும்.

தூளில்லாமல் கஷாயமாக வைக்கிறவர்கள் ஒரு டீஸ்பூன் ஓமத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒன்றாக வற்றவைப்பார்கள். பாத்திரத்தைத் திறந்து வைத்துக் கொதிக்கவிடுவதுதான் எல்லோரும் செய்வது, அதில்தான் மருந்து வீணாகிறது. தட்டுப் போட்டு மூடி, சிறுதீயில் வையுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும், அதில் ஓம வாசனை பளீரென்று அடிக்கும். அந்தத் துளிகளைப் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிடுங்கள். கடையில் விற்கும் ஓமத்தீநீர் இதே தத்துவத்தில், வாலையில் வைத்து ஆவியைக் குளிரவைத்து வடித்தது. டாம்ப்கால், இம்காப்ஸ் போன்ற நிறுவனங்களின் சித்த மருந்துகளை வாங்குகிறவர்கள் லேபிளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். வீட்டுக் கஷாயத்தின் அளவை அதற்குப் போடக் கூடாது.

பசியே எடுக்கவில்லை, மந்தமாக இருக்கிறது என்பது வேறு விதம். வாயு அடைப்பது சாப்பாட்டுக்குப் பின் வரும் தொல்லை. மந்தம் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்திருக்கும். இதற்கு ஆயுர்வேதம் தரும் அருமையான யோசனை ஹிங்குவாஷ்டக சூரணம். அஷ்டாங்க ஹிருதயத்தில் வருவது. சுக்கு, மிளகு, திப்பிலி, அசமதாகம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. தென்னாட்டில் பலர் அசமதாகத்தின் இடத்தில் ஓமத்தையே போடுகிறார்கள். கடையில் அஷ்ட சூரணம் என்று கேட்டால் தருவார்கள். இதில் கவனிக்க வேண்டியது சாப்பிடும் முறை. சூடான சோற்றில் ஒரு பிடி எடுத்து, அரை டீஸ்பூன் சூரணமும் ஒரு டீஸ்பூன் நெய்யும் விட்டுப் பிசைந்து அதையே முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும்போது இல்லாத இதம் அந்த முதல் கவளத்தில் இருக்கிறது. நெய் காரத்தை மட்டுப்படுத்தும். சோற்றின் ருசியோடு வாய் ஊறும்போதே செரிமானம் தொடங்கிவிடும்.

தீபாவளி லேகியத்திலும் ஓமம்தான் முன்னால் நிற்கும். சுக்கு, கண்டந்திப்பிலி, அரிசித்திப்பிலி, சித்தரத்தை, சீரகம், மல்லியோடு ஓமத்தை அரைத்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு இறக்குவார்கள். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் சுண்டைக்காய் அளவு விழுங்கிவிட்டுத்தான் பலகாரத்தில் கை வைப்பது வழக்கம். வரப்போகும் பாரத்துக்கு வயிற்றை முன்னதாகவே தயார் செய்யும் புத்திசாலித்தனம் அது. இன்று பல வீடுகளில் லேகியம் போய்விட்டது, பலகாரம் மட்டும் பெருகிவிட்டது. இதை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லம் இல்லாமல் அந்தச் சரக்குகளைச் சூரணமாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த விதமாக எடுத்தாலும் மூன்று நாள்தான் எல்லை. மூன்று நாளில் சரியாகாத செரிமானக் கோளாறு ஓமத்தின் வேலை முடிந்துவிட்டது என்று சொல்கிறது.

பூச்சிக்கு ஆகுமா?

ஓமம் பூச்சியைக் கொல்லும் என்று பழைய நூல்கள் சொல்வதற்கு ஒரு வரலாற்றுச் சான்றும் உண்டு. ஓமத்திலிருந்து பிரித்த தைமாலைத்தான் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் கொக்கிப்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். முதல் உலகப் போருக்கு முன்னால் இந்திய ஓமம் கப்பலில் ஜெர்மனிக்குப் போய் அங்கே தைமாலாயிற்று. 1909ல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் பணத்தில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் கையில் எடுத்த மருந்தும் அதுவே. ஆனால் அவர்கள் கொடுத்தது 3, 4 கிராம் தனித் தைமால்; பின்னாலேயே பேதி உப்பு. எண்ணெயோ சாராயமோ சேர்ந்தால் தைமால் உடம்பில் ஏறி நஞ்சாகும் என்று எச்சரித்தே கொடுத்தார்கள்.

நம் வீட்டுத் தூளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் ஓமத்தில் எண்ணெய் 30 மில்லிகிராம் என்று வைத்தால் தைமால் 15 மில்லிகிராம் தேறும். அந்தக் காலத்து மருந்தளவுக்குக் கிட்டத்தட்ட கால் கிலோ ஓமம் தின்ன வேண்டும். ஆகவே பிள்ளைக்குப் பூச்சி இருக்கிறது என்று ஓமத்தைக் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கு இரண்டு முறை இலவசமாகத் தரும் அல்பெண்டசோல் மாத்திரை இதற்கு நூறு மடங்கு மேல்.

யாருக்கு வேண்டாம்

கைக்குழந்தைக்கு வேண்டாம். நம் பக்கத்தில் பிள்ளை வீறிட்டு அழுதால் உடனே ஒரு சங்கு ஓமத்தண்ணீர் புகட்டுவது பழக்கம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைத்தாலே பாதி அழுகை அடங்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்.

பிரசவித்த பெண்ணுக்கு ஓமம் சேர்ந்த மருந்துக் குழம்பு கொடுப்பது நெடுநாள் வழக்கம், சமையல் அளவில் தவறில்லை. கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரசத்திலும் முறுக்கிலும் கிடக்கும் ஓமம் பரவாயில்லை. மருந்தளவில் தூளாகவோ கஷாயமாகவோ எடுக்க வேண்டாம்.

குடல்புண், நெஞ்செரிச்சல், வாய்ப்புண் உள்ளவர்களும் மூலத்தில் இரத்தம் போகிறவர்களும் தள்ளியிருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வயிற்றுப்போக்கு ஆகிறவருக்கு முதலில் வேண்டியது ஓமம் இல்லை, ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்த ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

ஓமத்தை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய வலி

இந்த அத்தியாயத்தில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நடு நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் அதை வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மேல்வயிற்றுச் சங்கடமாகவே மாரடைப்பு வருவதுண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் யார் என்ன சொன்னாலும் 108ஐ அழையுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றில் போய் நிற்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். கல்லாக இறுகிய வயிறு, மலமும் வாயுவும் இரண்டும் நின்றுபோதல், இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், வலியோடு காய்ச்சல், கண் மஞ்சளிப்பது ஆகிய எதற்கும் கைவைத்தியம் கிடையாது. காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது, ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கி இரண்டு வாரமாக விடாத அஜீரணம் ஆகியவை மெதுவாக வரும் எச்சரிக்கைகள். எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கத் தயங்காதீர்கள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது.

அவசரம் இல்லாத, ஆனால் அடிக்கடி திரும்பி வரும் செரிமானக் கோளாறுக்குப் பாரம்பரிய மருத்துவம்தான் வேண்டும் என்கிறவர்கள் யூடியூபைப் பார்த்துச் சூரணம் வாங்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் படித்த மருத்துவர் இலவசமாகப் பார்க்கிறார். கொஞ்சம் அலைய முடியுமானால் அதே ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் சானடோரியத்தில் 2005ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சென்னை பஸ் ஏறினால் தாம்பரத்தில் இறங்கிப் போகலாம்.

எந்த மருத்துவரிடம் போனாலும், ஓமத்தூள் எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், வேறு எந்த மாத்திரையோடு சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.